டிடெக்டரை எப்படி ஓட்டுவது: ப்ரீசெட்டா, மூன்று மாற்றமா, முழு மேனுவலா?

மெட்டல் டிடெக்டர் கைக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் ஆனவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். முதல் சில நாள் பொத்தானை அழுத்தி, சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்டியாயிற்று. கிடைத்தது பாட்டில் மூடி, ஆணி, கசங்கிய அலுமினியத் தாள். அப்புறம் மெனுவைத் திறந்தால் சென்சிடிவிட்டி, டிஸ்கிரிமினேஷன், கிரவுண்ட் பேலன்ஸ், ரிகவரி ஸ்பீடு, த்ரெஷோல்டு என்று ஒரு படையே நிற்கிறது. பழகின ஒருவரைக் கேட்டால் “எதையும் தொடாதே, வந்தபடியே ஓட்டு” என்கிறார். இன்னொருவர், “ப்ரீசெட்டில் ஓட்டவா இவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாய்? எல்லாவற்றையும் திறந்துவிடு, காதால் கேள்” என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. அவர்கள் தேடுகிற நிலம்தான் வேறு.

ஆகவே மூன்று வழிகளை எடுத்துக்கொள்வோம். முதல் வழி, மெஷினில் தயாரிப்பாளர் முன்பே வைத்திருக்கும் ப்ரோகிராமை, அதாவது ப்ரீசெட்டை, தேர்ந்தெடுத்து அப்படியே நடப்பது. இரண்டாவது, அதே ப்ரோகிராமில் நாய்ஸ் கேன்சல் (மின்சாரச் சத்தத்தைத் தவிர்ப்பது), கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் பதிலைக் கழிப்பது), சென்சிடிவிட்டி (சிக்னலைப் பெருக்குவது) ஆகிய மூன்றை மட்டும் அன்றைய நிலத்துக்கு ஏற்ப வைப்பது. மூன்றாவது, டிஸ்கிரிமினேஷனை (இரும்பு போன்ற வேண்டாத உலோகத்தை ஒலிக்காமல் ஒதுக்கும் வடிகட்டலை) திறந்துவிட்டு எல்லாவற்றையும் கையால் வைத்துக்கொண்டு காதை நம்புவது. நான் பெரும்பாலான நாட்களில் இரண்டாவது வழியில் போகிறவன். ஆனால் அது தோற்கிற இடங்களும் உண்டு, சொல்கிறேன்.

பொழுதுபோக்குத் தேடலுக்கு விற்கும் மெஷின்களில் பெரும்பாலானவை வி.எல்.எஃப் (மிகத் தாழ்ந்த அலைவரிசை) வகை. இங்கே பேசுவது அவற்றைப் பற்றித்தான். பல்ஸ் இண்டக்‌ஷன் வேறு ரகம், தொடர் அலைக்குப் பதில் துடிப்புகளாகப் புலத்தை அனுப்புவது. அது ஓரிடத்தில் மட்டும் தலைகாட்டும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது ஆழம். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். முதலாவது, மெஷின் உண்மை பேசுகிறதா என்பது. சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிற மெஷின் ஒரு தரம் முனகினாலும் நின்று கேட்கத் தோன்றும். ஓயாமல் படபடக்கிற மெஷின் உண்மையைச் சொல்லும்போதும் நாம் தாண்டிப் போய்விடுவோம்.

இதற்கு மிகப் பழைய உதாரணம் 1881-இல் நடந்தது. அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். கருவி வேலை செய்யக்கூடியதுதான், முன்னோட்டச் சோதனைகளில் தேறியும் இருந்தது. ஆனால் அதிபர் படுத்திருந்த மெத்தையில் எஃகுச் சுருள்கள் இருந்தன. அவை தந்த சத்தத்துக்கு நடுவே குண்டின் சத்தம் தனியாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பின்னணிச் சத்தத்தை அடக்காதது ஒன்று, தேடும் எல்லையை முன்கூட்டியே குறுக்கியது இன்னொன்று. இன்றும் நம் மெஷின்களில் பொருள் தவறிப்போவது அநேகமாக இந்த இரண்டு வழிகளில்தான்.

இரண்டாவது அளவுகோல் ஆழம். இதில் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நாணயம் போன்ற சிறு பொருள் காயிலிலிருந்து (தரைமேல் வீசும் தேடுசுருளிலிருந்து) தள்ளிப் போகப்போக, அதன் சிக்னல் தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறைகிறது. காயிலின் புலம் பொருளுக்குப் போகும் வழியில் மூன்றாம் அடுக்கு, பொருளின் பதில் திரும்பி வரும் வழியில் இன்னொரு மூன்றாம் அடுக்கு. தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: பெருக்கத்தை இரட்டித்தால் கிடைக்கிற கூடுதல் ஆழம் சுமார் 12 சதவீதம். 20 சென்டிமீட்டரில் கேட்டது இப்போது 22-இல் கேட்கலாம், அவ்வளவுதான். அதுவும் பின்னணிச் சத்தம் கூடவில்லை என்றால். ஆனால் சென்சிடிவிட்டியைத் திருகினால் சத்தமும் சேர்ந்துதான் பெருகும்.

மூன்றாவது, குப்பைக்கு நடுவே இருக்கும் நல்ல பொருளைப் பிரித்துக் காட்டுவது. நான்காவது, மெஷின் எதை நமக்குச் சொல்லாமலே விழுங்குகிறது என்பது. இதை யாரும் அளப்பதில்லை, ஏனென்றால் கேட்காத சத்தத்துக்குக் கணக்கு கிடையாது. ஐந்தாவது நம் காதும் நேரமும். மூன்று மணி நேரம் கழித்தும் அதே கவனம் இருக்குமா என்பதைச் சேர்த்துத்தான் ஒரு முறையை மதிப்பிட வேண்டும்.

## வழி ஒன்று: ப்ரீசெட் வைத்தபடி

பார்க், பீச், ஃபீல்டு என்று பெயர் போட்டிருக்கும் ப்ரோகிராமைத் தேர்ந்தெடுத்து நடக்க வேண்டியதுதான். இதை மட்டமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ப்ரோகிராம்களை வைத்தவர்கள் மெஷினை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். எந்த அலைவரிசை, எந்த ஃபில்டர், எந்த வேகம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதை அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். ப்ரோகிராம் பெயர் வெறும் லேபிள் இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. பல மெஷின்களில் பீச் ப்ரோகிராமுக்கு மாறினால், மெனுவில் நம் கைக்கு எட்டாத சிக்னல் கணக்கீடும் சேர்ந்து மாறுகிறது. பார்க் ப்ரோகிராமில் இருந்துகொண்டு எண்களை மட்டும் மாற்றி அதை பீச் ஆக்க முடியாது.

இது வெல்கிற இடம் எது? உலோகத் தாது குறைந்த சாதுவான மண், புல்தரை, மின்கம்பி அருகில் இல்லாத திறந்தவெளி. யாரோ நேற்றுத் தொலைத்த மோதிரம் போல மேலாக்கக் கிடக்கும் பொருள். தேடக் கிடைத்தது அரை மணி நேரம்தான் என்றாலும் இதுவே போதும். முதல் இருபது முப்பது மணி நேரப் பழக்கத்துக்கும் இதைத்தான் சொல்வேன். ஒரே அமைப்பில் நடந்தால்தான் எந்தச் சத்தம் எந்தப் பொருள் என்று காது பழகும். தினம் ஒரு அமைப்பில் நடப்பவருக்குப் பழகுவதற்கு எதுவுமே நிலையாக இருக்காது.

மறைந்த செலவு இரண்டு. ப்ரீசெட்டுகளில் பெரும்பாலும் இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் ஓரளவு போட்டே இருக்கும். தாது நிறைந்த மண்ணில் ஆழத்தில் கிடக்கும் நாணயத்தின் டார்கெட் ஐடி (எந்த வகை உலோகம் என்று ஊகித்து மெஷின் காட்டும் எண்) நிலையாக நிற்பதில்லை, இரும்பின் பக்கம் சரிந்துவிடும். மெஷின் அதை இரும்பு என்று முடிவுகட்டி வாயை மூடிக்கொள்ளும். நமக்கு அங்கே வெறும் மண். இன்னொன்று, ப்ரீசெட்டில் கிரவுண்ட் பேலன்ஸ் ஒரு சராசரி மண்ணை மனத்தில் வைத்து இருக்கும். உங்கள் கால்கீழ் மண் சராசரியாக இல்லாவிட்டால் அந்த நஷ்டம் திரையில் எங்கும் காட்டாது.

## வழி இரண்டு: ப்ரீசெட், கூடவே மூன்று மாற்றம்

இதில் வரிசை முக்கியம். முதலில் நாய்ஸ் கேன்சல், அடுத்து கிரவுண்ட் பேலன்ஸ், கடைசியில் சென்சிடிவிட்டி. தலைகீழாகச் செய்தால் ஒன்றின் குறையை இன்னொன்றின் மேல் சுமத்துவோம்.

நாய்ஸ் கேன்சல். மின்கம்பி, கைபேசி, பக்கத்தில் நடக்கும் இன்னொருவரின் டிடெக்டர் எல்லாமே காயிலுக்குள் சத்தம் போடும். நாய்ஸ் கேன்சல் மெஷினின் அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தி, சத்தம் குறைந்த இடத்தில் உட்கார வைக்கிறது. காயிலை அசைக்காமல், பக்கத்தில் உலோகம் இல்லாமல் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். கைபேசியை பெல்ட்டில் செருகிக்கொண்டு மெஷினைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

கிரவுண்ட் பேலன்ஸ். இங்கேதான் நிஜமான ஆதாயம் இருக்கிறது. மண்ணில் இருக்கும் மாக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் காயிலின் புலத்துக்குப் பதில் சொல்கின்றன. உப்பு ஈரமும் தன் பங்குக்குப் பதில் சொல்கிறது. அந்தப் பதிலைக் கழித்துவிட்டால்தான் நாணயத்தின் பதில் மிஞ்சும். பொருள் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரையிலிருந்து சில சென்டிமீட்டருக்கும் ஒரு முழ உயரத்துக்கும் நடுவே நிதானமாக ஏற்றி இறக்குங்கள். சத்தம் மாறாமல் இருக்கும் இடமே பேலன்ஸ். இறக்கும்போது சத்தம் கூடினால் ஒரு பக்கம் திருப்ப வேண்டும், ஏற்றும்போது கூடினால் மறுபக்கம். எந்தப் பக்கம் என்பது மெஷினின் கையேட்டில் இருக்கும்.

இதையே மூன்று விதமாகச் செய்யலாம். பட்டனைப் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்கினால் மெஷினே எண்ணைப் பிடிக்கும் ஆட்டோ. நாமே நகர்த்தும் மேனுவல். நடக்க நடக்கத் தானாக மாறிக்கொண்டே இருக்கும் டிராக்கிங். ஆட்டோ அநேகமாக எப்போதும் போதும். மேனுவலின் பலன், ஆட்டோ பிடித்த எண்ணிலிருந்து ஒன்றிரண்டு படி தள்ளி வைக்கலாம் என்பது. சின்னப் பொருளின் சத்தம் சற்றுத் தூக்கலாகக் கேட்கட்டும் என்று சிலர் வேண்டுமென்றே துளி பாசிட்டிவாக வைப்பதுண்டு. டிராக்கிங்கோ பத்தடிக்கு ஒரு தரம் மண் மாறுகிற இடத்தில் கைகொடுக்கும். ஆனால் அதற்கென்று ஒரு தனிக் கெடுதல் உண்டு. மங்கலான சிக்னல் ஒன்று கேட்கிறது, உறுதி செய்ய அதன் மேலேயே காயிலை ஏழெட்டு முறை ஓட்டுகிறீர்கள். டிராக்கிங் அந்தப் பொருளையே மண் என்று எடுத்துக்கொண்டு மெல்லமெல்லக் கழித்துவிடலாம். நாம் “போலிச் சத்தம்” என்று நகர்ந்துவிடுவோம். சிக்னலை ஆராயும்போது டிராக்கிங்கை நிறுத்திவிடுவது நல்லது.

பேலன்ஸ் செய்கிற இடத்தில் அடியில் ஒரு ஆணி கிடந்தால் எண் தப்பாகிவிடும். இரண்டு மூன்று இடங்களில் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் துள்ளி நின்றால் அங்கே ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். மண்ணின் நிறம் மாறினாலோ, காய்ந்த தரையிலிருந்து ஈரத்துக்குப் போனாலோ மறுபடி செய்ய வேண்டும்.

சென்சிடிவிட்டி. இதை ரேடியோவின் வால்யூம் போல நினைக்கிறார்கள். முழுக்கத் திருகினால் முழு ஆழம் என்று ஒரு நம்பிக்கை. மேலே சொன்ன ஆறாம் அடுக்குக் கணக்கு அந்த நம்பிக்கையை உடைத்துவிடும். கடைசி நான்கு படி ஏற்றியதில் கிடைப்பது ஓரிரு சென்டிமீட்டர், அதற்கு விலை காது நிறையச் சலசலப்பு. காயிலை ஆட்டிக்கொண்டே படிப்படியாக ஏற்றுங்கள். சலசலப்பு தொடங்கும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு படி இறக்குங்கள். அதுதான் அன்றைய எண். நேற்று இருந்த எண் இன்று பொருந்த வேண்டியதில்லை.

சலசலப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. காயிலைக் காற்றில் தூக்கி அசையாமல் பிடியுங்கள். அப்போதும் படபடத்தால் அது மின்சாரச் சத்தம், நாய்ஸ் கேன்சலை மறுபடி ஓட்டுங்கள் அல்லது இடத்தை மாற்றுங்கள். காற்றில் அமைதியாக இருந்து, தரையில் ஆட்டும்போது மட்டும் படபடத்தால் குற்றவாளி மண். கிரவுண்ட் பேலன்ஸைத் திரும்பச் செய்யுங்கள், சென்சிடிவிட்டியைக் குறையுங்கள், காயில் தரையில் இடிக்காமல் ஒரே உயரத்தில் போகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் தப்பான திருகையே திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறைந்த செலவு: ஒவ்வொரு இடத்திலும் தொடக்கத்தில் ஐந்து நிமிடம், நடுவில் மறுபடி ஒன்றிரண்டு நிமிடம். அது பெரிதில்லை. டிஸ்கிரிமினேஷன் இன்னும் ப்ரீசெட்டின் கையில்தான் இருக்கிறது என்பதுதான் பெரிய செலவு. மெஷின் அமைதியாக இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பு வரும். ஆனால் விழுங்க வேண்டியதை அது விழுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

## வழி மூன்று: திறந்துவிட்டு, காதால் கேட்பது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். “ஆல் மெட்டல்” என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் நடமாடுகின்றன. ஒன்று அசல் ஆல் மெட்டல்: பின்னணியில் த்ரெஷோல்டு எனும் மெல்லிய ரீங்காரம் ஓடும், எந்த உலோகம் வந்தாலும் அந்த ரீங்காரம் எழும்பும், இரும்பா வெள்ளியா என்று சத்தம் பிரித்துச் சொல்லாது. டிஸ்கிரிமினேஷனுக்கான வடிகட்டல் இல்லாததால் பொதுவாக ஆழம் சற்றுக் கூடுதல். இன்னொன்று ஜீரோ டிஸ்கிரிமினேஷன்: வடிகட்டல் இருக்கும், ஆனால் எதையும் ஒதுக்காது. இரும்புக்குத் தாழ்ந்த சுருதி, நல்ல கடத்திகளுக்கு உயர்ந்த சுருதி என்று எல்லாவற்றையும் ஒலித்துக் காட்டும். யாராவது “ஆல் மெட்டலில் ஓட்டு” என்று சொன்னால் இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய குடியிருப்பு நிலத்தில் ஆணிகளுக்கு நடுவே தேடுபவர் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது, தங்கத் துகள் தேடுபவர் சொல்வது முதலாவது.

ஏன் திறந்துவிட வேண்டும்? மறைப்பு. ஒரு ஆணியும் ஒரு நாணயமும் கையகல இடைவெளியில் கிடக்கின்றன. இரும்பை ஒதுக்கும் அமைப்பில் மெஷின் ஆணியைக் கண்டதும் ஒலியை அணைக்கிறது. அணைந்த ஒலி மீண்டும் எழுவதற்குள் காயில் நாணயத்தைத் தாண்டிவிடுகிறது. திறந்துவிட்டால் தாழ்ந்த உறுமலின் ஓரத்தில் ஒரு சின்ன உயர்ந்த கீச்சொலி எட்டிப் பார்க்கும். அது போதும், நின்று திரும்பிக் கேட்க. “இந்த இடத்தை எல்லோரும் தேடி முடித்துவிட்டார்கள், இனி ஒன்றுமில்லை” என்று சொல்லப்படும் இடங்களில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் இப்படி மறைந்து கிடப்பவைதான்.

இதோடு சேர்ந்து வருவது ரிகவரி ஸ்பீடு. ஒரு பொருளின் ஒலியை முடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்க மெஷின் எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்பதுதான் அது. வேகத்தைக் கூட்டினால் அடுத்தடுத்துக் கிடப்பவை தனித்தனியாகக் கேட்கும், ஒலி துண்டு துண்டாகும், ஆழம் கொஞ்சம் போகும். குறைத்தால் ஒலி நீண்டு கனக்கும், ஆழம் கூடும், குப்பை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆணி நிறைந்த நிலத்தில் ஆழத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண். அங்கே பத்து சென்டிமீட்டரில் கிடப்பதே மறைந்துதான் கிடக்கிறது. கூட்டி வையுங்கள், கையை மெதுவாக ஆட்டுங்கள். வெறிச்சென்ற வயலில் நேர்மாறு.

இரும்பு ஏமாற்றவும் செய்யும். தகடு, வளையம், துருப்பிடித்த பெரிய துண்டு ஆகியவை சில சமயம் வெள்ளி நாணயம் போல உயர்ந்த சுருதியில் பாடும். அதற்கு மருந்து, நின்ற இடத்திலிருந்து கால் வட்டம் சுற்றி வந்து குறுக்கே ஆட்டிப் பார்ப்பது. நாணயம் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இரும்பின் பொய்ச் சத்தம் ஒரு பக்கம் இனித்து மறுபக்கம் உடையும். இது நூற்றுக்கு நூறு சரியாக வரும் வழியில்லை, ஆனால் மண்வெட்டியின் வேலை நிறையக் குறையும்.

மறைந்த செலவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழியைப் புகழ்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். காது களைக்கும். இரும்பு நிறைந்த நிலத்தில் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் நடந்தால் மூளை தானாகவே எல்லாவற்றையும் ஒதுக்கத் தொடங்கிவிடும். அதாவது மெஷினில் எடுத்த டிஸ்கிரிமினேஷனை நம் தலைக்குள் போட்டுக்கொள்கிறோம், அதுவும் மெஷினைவிட மோசமாக. நல்ல ஹெட்போன் இல்லாமல் இந்த வழியில் இறங்குவதில் பயன் குறைவு. மங்கலான ஒலிகள் ஸ்பீக்கரில் காற்றோடு போய்விடும். இரும்பின் ஒலியளவைத் தனியே குறைக்கிற வசதி மெஷினில் இருந்தால் பயன்படுத்துங்கள். முழுக்க ஊமையாக்காமல், பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்கட்டும்.

இன்னொரு செலவு, அமைப்புகள் ஒன்றையொன்று இழுப்பது. ஐந்தாறு திருகுகளை ஒரே நாளில் மாற்றினால், பலன் கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று தெரியாது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எங்கே வந்து நிற்கிறோம் என்றே புரியாமல் போய்விட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்வதில் வெட்கமில்லை.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | ப்ரீசெட் | மூன்று மாற்றம் | முழு மேனுவல் |
|---|---|---|---|
| தொடங்க ஆகும் நேரம் | உடனே | சுமார் ஐந்து நிமிடம் | அதற்கும் மேல், நடுநடுவேயும் |
| அமைதி | சாது மண்ணில் நன்று, தாது மண்ணில் தள்ளாட்டம் | மூன்றிலும் சிறந்தது | வைப்பவர் கையைப் பொறுத்தது |
| ஆழம் | நடுத்தரம் | மண் ஒத்துழைக்கும் அளவுக்கு | அசல் ஆல் மெட்டலில் சற்றுக் கூடுதல் |
| குப்பைக்குள் பிரித்தல் | சுமார் | ப்ரீசெட்டைவிடக் கொஞ்சம் மேல் | தெளிவாக மேல் |
| சொல்லாமல் விழுங்குவது | அதிகம் | குறைவில்லை | மிகக் குறைவு |
| தோண்டும் குப்பை | குறைவு | குறைவு | அதிகம் |
| காதுக் களைப்பு | குறைவு | மிகக் குறைவு | அதிகம் |

## நிலத்தைப் பார்த்து முடிவு

ஈரமான உப்பு மணல். ஒற்றை அலைவரிசை மெஷினுக்கு இது சோதனைக்களம். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது, கருமணலோ காந்தத்தன்மை கொண்டது. இரண்டின் பதிலும் வெவ்வேறு விதம். ஒரே அலைவரிசையில் ஒன்றைக் கழித்தால் மற்றது தலைதூக்கும். பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் மெஷினில் பீச் ப்ரோகிராமைப் போட்டு இரண்டாவது வழியில் நடப்பதே இங்கே சிறந்தது. உங்களிடம் இருப்பது ஒற்றை அலைவரிசை என்றால் சென்சிடிவிட்டியைக் கூசாமல் இறக்குங்கள், முடிந்தால் காய்ந்த மணலோடு நின்றுகொள்ளுங்கள். பல்ஸ் இண்டக்‌ஷன் இந்த உப்பையும் கருமணலையும் பெரிதாகச் சட்டை செய்யாது. ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் பலவீனம் என்பதால் தோண்டித் தோண்டிக் கை ஓயும்.

ஆணி நிறைந்த பழைய குடியிருப்பு. மூன்றாவது வழி, ஜீரோ டிஸ்கிரிமினேஷன், வேகமான ரிகவரி, சின்னக் காயில். பெரிய காயில் ஒரே நேரத்தில் ஏழு ஆணியைப் பார்க்கும், சின்னது இரண்டைத்தான் பார்க்கும். காயிலை மாற்றுவதன் பலனை எந்தத் திருகும் தராது. சென்சிடிவிட்டியை இங்கே கூட்டுவது ஆணிகளின் குரலைத்தான் உயர்த்தும்.

தங்கத் துகள். மூன்றாவது வழி, ஆனால் அசல் ஆல் மெட்டல், மேனுவல் கிரவுண்ட் பேலன்ஸ். சிறிய, மெல்லிய தங்கத்துக்கு உயர்ந்த அலைவரிசை நல்லது. இதற்கென்றே செய்யப்பட்ட மெஷின்கள் 45 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேலும் ஓடுகின்றன. பெரிய வெள்ளி நாணயத்துக்குத் தாழ்ந்தது நல்லது, ஐந்தாறு கிலோஹெர்ட்ஸ் போல. பதின்மூன்று முதல் பதினெட்டு வரை இருப்பவை இரண்டுக்கும் நடுவில் சமாளிக்கும்.

மோதிரம். எந்த வழியில் போனாலும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மெஷின் காட்டும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கடத்துதிறன், பருமன், வடிவம் எல்லாம் கலந்த ஒரு எண்தான் அது. மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் பானக் கேனின் இழுப்பு வளையமும் ஒரே எண்களில் வந்து உட்காரும். அலுமினியம் தோண்டி அலுத்துப்போய் அந்த எண்களை நாட்ச் செய்து ஒதுக்கினால் மோதிரத்தையும் சேர்த்து ஒதுக்கியாயிற்று. அழகான, அமைதியான மெஷினோடு வெறுங்கையாக வீடு திரும்பலாம்.

சாது மண், புல்தரை. ப்ரீசெட். பேச ஒன்றுமில்லை.

## திருகில் இல்லாதவை

இது வரைக்கும் சொன்னதெல்லாம் காயில் சரியாக நகர்ந்தால்தான். பெரும்பாலான மெஷின்கள் அசைவில்தான் பொருளை உணர்கின்றன. மிக வேகமாக வீசினாலும் கெடும், நின்றுவிட்டாலும் கெடும். வீச்சின் இரண்டு முனையிலும் காயிலைத் தூக்கிவிடுவது எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். அங்கே ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால், சென்சிடிவிட்டியில் பாடுபட்டு ஏற்றிய ஓரிரு சென்டிமீட்டரைப் போல இரண்டு மூன்று மடங்கை இலவசமாகக் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியையாவது மூட வேண்டும். கான்சென்ட்ரிக் காயிலின் (ஒரு வட்டச் சுருளுக்குள் இன்னொன்று இருப்பது) பார்வை கீழே போகப்போகக் கூம்பு போலக் குறுகும் என்பதால் இது அதற்கு இன்னும் அவசியம். டபுள் டி காயில் (D வடிவச் சுருள் இரண்டு கொண்டது) முன்னும் பின்னுமாக ஒரு கத்தி போலப் பார்க்கும், தாது மண்ணையும் நன்றாகத் தாங்கும்.

கைப்பிடிக்கு முன்னால் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. நிலத்துக்காரரின் சம்மதமும் அந்தந்த நாட்டுச் சட்டமும் இல்லாமல் எந்த அமைப்பும் சரியான அமைப்பு இல்லை. வெடிகுண்டு போலத் தோன்றும் எதையும் தொடாமல் விலகிப் போய்த் தகவல் சொல்வதும் அதே போலத்தான்.

உங்களுக்கு எந்த வழி என்று சோதிக்க ஒரு நாள் போதும். இரண்டாவது வழியில் மெஷினை வைத்து நடங்கள். சிக்னல் கிடைத்ததும் தோண்டாதீர்கள். எண்ணையும், என்னவாக இருக்கும் என்ற உங்கள் ஊகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிஸ்கிரிமினேஷனைத் திறந்து அதே இடத்தில் மறுபடி ஆட்டி, இரண்டாவது ஊகத்தை எழுதுங்கள். அப்புறம் தோண்டுங்கள். இருபது குழி ஆனதும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடவே, சிக்னலே இல்லாத இரண்டு மூன்று இடங்களில் டிஸ்கிரிமினேஷனைத் திறந்து ஆட்டிப் பாருங்கள். அங்கே தாழ்ந்த உறுமல் நிறையக் கேட்டால் அந்த நிலம் மூன்றாவது வழிக்கு உரியது, சின்னக் காயிலை எடுத்துக்கொண்டு மறுநாள் வாருங்கள். ஒன்றுமே கேட்காவிட்டால் இரண்டாவதிலேயே நடக்கலாம்.